ஓய்வூதியமும் நம் சமுதாயமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ஓய்வூதியம். இளைஞர்கள் நிறைந்த அவையிலே முதுமையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களே என்று முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவது எனக்குத் தெரிகிறது. அவர்களுக்காகவே இதைப் பேச இசைந்தேன். பேச்சைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் 2003-ஆம் ஆண்டிற்கு முன்பே அரசுப் பணியில் சேர்ந்தவன். பழைய ஓய்வூதியத்திற்கு உரியவன். ஆகவே இந்த மேடையில் நான் எனக்காக வாதாடவில்லை. எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையிலே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே பாடத்தை நடத்தி, ஒரே விடைத்தாள் கட்டைத் திருத்துகிற இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டு விதமான முதுமை காத்திருக்கிறது. அந்த அறையை நாள்தோறும் கூட்டிப் பெருக்குகிற அம்மையாருக்கு மூன்றாவது விதமான முதுமை காத்திருக்கிறது. இம்மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஓய்வூதியம் என்பது அரசு தன் விருப்பப்படி வழங்கும் கொடையன்று. இதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1979-ஆம் ஆண்டு மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டு முறையைச் சற்றுத் தாராளமாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வு பெறுவோருக்கு மட்டுமே அது பொருந்தும் என்று ஒரு கோடு கிழித்தது. முதல் நாள் ஓய்வு பெற்றவருக்குக் குறைந்த தொகை, மறுநாள் ஓய்வு பெற்றவருக்குக் கூடுதல் தொகை. நகரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரியும் பிறரும் தொடுத்த வழக்கிலே, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் கருணையுமன்று, கொடையுமன்று. ஆற்றிய பணிக்கு உரிய பயன். முதுமையில் மானத்தோடு வாழ வழிசெய்யும் சமூகப் பாதுகாப்பு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரே தரத்தாரை வெறும் தேதியால் பிரிப்பது சமத்துவத்திற்கு முரண் என்றும் அது கூறிற்று. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுவது இதனாலேதான்.

இருபது ஆண்டுகள் கழித்து மற்றொரு தேதி வந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பின்னரும் பணியில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆயிற்று. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்து ஊழியரிடம் பிடித்தம் செய்யப்படும், அரசும் அதே அளவு செலுத்தும் என்பது புதிய ஏற்பாடு. மத்திய அரசும் 2004 ஜனவரி 1 முதல், முப்படையினர் நீங்கலாக, தன் புதிய ஊழியர்களுக்கு இதுபோன்ற முறையைக் கொண்டுவந்தது. அதே 2003 ஜூலையில், பறிக்கப்பட்ட ஓய்வூதியப் பயன்கள் முதலிய கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதையும், ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கூறியதையும் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

நகரா தீர்ப்பைக் காட்டி 2003-இன் கோட்டை அழித்துவிடலாமே என்று என்னிடம் கேட்ட இளைஞர்கள் உண்டு. அவ்வளவு எளிதன்று. அந்த வழக்கு முன்னரே ஓய்வூதியர் ஆகிவிட்டவர்களைத் தேதியால் பிரித்தது பற்றியது. இனிமேல் பணிக்கு வருவோருக்கு என்ன நிபந்தனை என்பது வேறு கேள்வி. ஆகையால் இதை நான் சட்டத்தின் கண் கொண்டு பார்க்காமல் நம் சமுதாயத்தின் கண் கொண்டு பார்க்கிறேன்.

அந்தத் தேதிக்கு முன் அரசு அலுவலகங்களின் நாற்காலிகளில் யார் அமர்ந்திருந்தனர்? மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பங்கள் அமர்ந்திருந்தன. அக்குடும்பங்களில் தாத்தாவுக்கு ஓய்வூதியம் வந்தது. பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அந்தப் பணத்தில் பேரன் பட்டணத்தில் தங்கிப் படித்தான். நம்மில் பெரும்பாலோருக்கு முதல் பட்டதாரி என்ற சொல்லே இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டு இறுதியில் பணி நியமனத்திற்குத் தடை போடப்பட்டது. அது 2006-இல்தான் விலகியது. அந்த இடைவெளியில் படித்து முடித்துக் காத்திருந்த நம் பிள்ளைகள் வேலை பெற்றபோது 2003 ஏப்ரல் கடந்துவிட்டிருந்தது. அருந்ததியர் மக்களுக்கு நூற்றுக்கு மூன்று என்ற உள் ஒதுக்கீடு 2009-இல் வந்தது. எத்தனை ஆண்டுக் கோரிக்கை அது! அதன் வழியாக முதன்முதல் அரசுப் பணிக்குள் அடியெடுத்து வைத்தவர்களில் ஒருவர்கூடப் பழைய ஓய்வூதியத்திற்கு உரியவர் ஆகவில்லை; ஆகியிருக்கவும் முடியாது. ஆணையிலே சாதிப் பெயர் எதுவும் இல்லை என்பது உண்மையே. தேதி ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் பந்தியில் கடைசியாக உட்கார வைக்கப்பட்டவனுக்கு, இலை போட்ட பின் பரிமாறுவதை நிறுத்திவிட்டால், நிறுத்திய நேரத்தை மட்டும் பார்த்து அது பொதுவானது என்று சொல்ல முடியுமா?

தொகையாகக் கிடைப்பதற்கும் மாதந்தோறும் கிடைப்பதற்கும் என்ன வேற்றுமை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து ஆண்டு பணி செய்த ஒருவருக்கு, அவர் பங்கும் அரசின் பங்கும் வட்டியும் சேர்ந்து 30 லட்ச ரூபாய் கைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே வங்கியில் போட்டு நூற்றுக்கு ஏழு வட்டி பெற்றால் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். மாதத்திற்கு 17,500 ரூபாய். இருபது ஆண்டு கழித்தும் அதே 17,500தான். வட்டி விகிதம் இறங்கினால் அதுவும் குறையும். அவரோடு ஒத்த பதவியில் 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெற்ற பழைய திட்டத்தாருக்கு, முழுப் பணிக்காலம் முடித்திருந்தால், மாதம் 30,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. விலைவாசி ஏறும்போது அந்தப் படியும் ஏறும். அவர் மறைந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடரும்.

இது காகிதக் கணக்கு. நம் வீடுகளில் நடப்பது இதைவிடக் கடினமானது. 30 லட்சத்தை யார் அப்படியே வங்கியில் இருக்க விடுவார்கள்? குடும்பத்தில் ஒருவருக்கே அரசு வேலை; அவரை நம்பித் தம்பி, தங்கை, அண்ணன் பிள்ளைகள், ஊரில் ஒரு பழைய கடன். ஓய்வு பெற்ற மாதமே மகளின் திருமணம் பேசப்படுகிறது. கூரையை மாற்றித் தளம் போட வேண்டும் என்று இருபது ஆண்டாகத் தள்ளிப்போட்ட வேலை தொடங்குகிறது. உறவினர் ஒருவருக்கு இருதய அறுவை சிகிச்சை. கேட்பவர்களைக் குறை கூற நான் வரவில்லை. அவர்கள் தோளில் ஏறித்தான் நாம் படித்தோம். ஆயினும் ஈராண்டில் அந்தப் பெருந்தொகை கரைந்து, அறுபத்திரண்டு வயதில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவரை நீங்களும் கண்டிருப்பீர்கள். பரம்பரையாக நிலமும் வீடும் உடையவருக்கு ஓய்வுத் தொகை என்பது இருக்கும் சொத்தோடு சேரும் மற்றொரு சொத்து. நமக்கு அது ஒன்றே சொத்து.

மாத ஓய்வூதியத்திற்கு மற்றொரு காப்பும் உண்டு. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, கடன்காரர் நீதிமன்றம் சென்றாலும் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய இயலாது. வெள்ளையர் காலத்தில் இயற்றிய சட்டம்தான். ஆனாலும் வட்டிக்கு வாங்கி வாழ்ந்த குடும்பங்களுக்கு அதன் அருமை புரியும்.

அரசின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது, மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், வருவாயில் பெரும்பகுதியைச் சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் கொடுத்துவிட்டால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்கள். இது பொய்யான கவலையன்று. நம் தெருவுக்குக் குடிநீரும் நம் பிள்ளைகளுக்கு விடுதியும் அதே கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும். ஆனால் சிக்கனம் யாரிடம் தொடங்கிற்று என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? அந்த ஆணைகளைப் பிறப்பித்த காலத்தில் உயர் பதவிகளில் இருந்தோர் அனைவரும் பழைய திட்டத்திலேயே இருந்துகொண்டார்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு முறை வென்றிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. தாம் அருந்தாத மருந்தைப் பிறருக்குப் புகட்டியது போன்றது இது.

இந்த மருந்தை முதலில் தயாரித்த நாடு தென் அமெரிக்காவில் உள்ள சிலி. அங்கே பினோசே என்னும் தளபதியின் இராணுவ ஆட்சி 1981-இல் பொது ஓய்வூதியத்தைக் கலைத்து, தொழிலாளி ஒவ்வொருவரும் தம் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்தைத் தனியார் நிதி நிறுவனத்தில் செலுத்த வேண்டும் என்று விதித்தது. முதலாளி பங்கு செலுத்த வேண்டியதில்லை. அதை விதித்த இராணுவத்தினரும் காவல் துறையினரும் மட்டும் தங்கள் பழைய ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டார்கள். 1994-இல் உலக வங்கி இதையொத்த முறைகளைப் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. சிலியிலேயோ சேமிப்புப் போதாமல் முதியோர் வறுமையில் வாட, 2008-இல் அரசே வரிப் பணத்திலிருந்து ஏழை முதியோருக்கு ஓய்வூதியம் கொடுக்க நேர்ந்தது. 2016-இல் இலட்சக்கணக்கான மக்கள் அத்தனியார் நிதி முறையை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள்.

நம் நாட்டிலும் காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது. 2022-இல் இராஜஸ்தானும் சத்தீஸ்கரும் பழைய முறைக்குத் திரும்புவதாக அறிவித்தன. மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 25 ஆண்டு பணிக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்ற உறுதியோடு 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் ஊழியர் சங்கங்களின் நீண்ட போராட்டத்திற்குப் பின், 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஊழியரின் பத்து விழுக்காட்டுப் பங்கு அதிலும் உண்டு. ஆணைகளைப் படித்துப் பார்க்காமல் யாரும் மகிழவும் வேண்டாம், சலிக்கவும் வேண்டாம். போராடியதால் கிடைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நான் பேசியது அரசுப் பணியாளரைப் பற்றி. எங்கள் பள்ளியைக் கூட்டுகிற அந்த அம்மையாரை இன்னும் பேச்சுக்குள் கொண்டுவரவில்லை. பழைய திட்டமா, புதிய திட்டமா என்று சங்கங்கள் வாதிடும் கூட்டங்களிலும் அவர் பெயர் வருவதில்லை. இதை என் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு காலத்தில் நகராட்சித் துப்புரவுப் பணி ஒன்றே நம் மக்களுக்குத் திறந்திருந்த அரசு வாயில். பிறர் தொடத் தயங்கிய வேலை என்பதால் அது நம்மிடம் தள்ளப்பட்டது. அந்த இழிவுக்குள்ளும் ஒரு பயன் இருந்தது. நிரந்தரப் பணியாளர் என்றால் பணிப்பதிவேடு உண்டு. முதுமையில் ஓய்வூதியம் உண்டு. இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியர், எழுத்தர், செவிலியர் சிலரின் கல்லூரிக் கட்டணம் அப்படிப்பட்ட தாய் தந்தையரின் ஓய்வூதியத்திலிருந்து வந்தது. இன்றோ அந்த வேலை ஒப்பந்தத்திற்குப் போய்விட்டது. வேலையின் நாற்றம் நம்மிடமே இருக்கிறது; அதனோடு இருந்த ஓய்வூதியம் மட்டும் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பதின்மூன்று நாள் இரவு பகலாக அமர்ந்திருந்தது எதற்காக? இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாருக்கு ஒப்படைக்க வேண்டாம், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்பதே கோரிக்கை. 13-ஆம் தேதி நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதைக் கூலிப் பிரச்சினை என்றே பலரும் எழுதினார்கள். என் பார்வையில் அது ஓய்வூதியப் பிரச்சினையும் ஆகும்.

நம்மைப் போன்றே ஒதுக்கப்பட்ட மக்களின் வரலாறு அமெரிக்காவிலும் இவ்வாறே நடந்திருக்கிறது. 1935-இல் அங்கே முதியோர் ஓய்வூதியத்திற்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கறுப்பின மக்களுக்கு இல்லை என்று அதில் ஓரிடத்திலும் எழுதவில்லை. பண்ணை வேலையாட்களுக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் பொருந்தாது என்று மட்டும் எழுதினார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் அவ்விரண்டு வேலைகளையே செய்துகொண்டிருந்தார்கள்! சார்லஸ் ஹூஸ்டன் என்னும் கறுப்பின வழக்கறிஞர் அப்போதே செனட் குழுவின் முன் தோன்றி, இச்சட்டம் எங்கள் மக்கள் விழுமளவுக்கு ஓட்டை வைத்த சல்லடை போன்றது என்று சாட்சியம் அளித்தார். 1950-லும் 1954-லும் திருத்தங்கள் வந்த பிறகே அந்த ஓட்டைகள் அடைபட்டன. சட்டங்களைப் படிக்கும் நம் பிள்ளைகள், அதில் என்ன சொல் இருக்கிறது என்று பார்ப்பதோடு, எந்த வேலை விடுபட்டிருக்கிறது என்றும் பார்க்கப் பழக வேண்டும்.

நம் ஊரில் விடுபட்டோருக்கு இருப்பது முதியோர் உதவித்தொகை. ஓ.ஏ.பி. என்று கிழவிகளும் அறிந்த சொல். 1962-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மாதம் 20 ரூபாயாக அது தொடங்கிற்று. 1981-இல் ஆதரவற்ற விவசாயக் கூலிகளுக்கென்று தனித் திட்டம் வந்தது. 2011-இல் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாய். நாள் கணக்கில் 40 ரூபாய். மத்திய அரசு அறுபதுகளில் உள்ளோருக்குத் தன் பங்காக நிர்ணயித்தது 200 ரூபாய். நாற்பது ஆண்டு நடவு நட்டுக் களை பறித்த கைக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் என்பதையும், அதைப் பெறவும் ஆதரவற்றவர் என்று நிரூபிக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வளர்ந்த மகன் இருந்தால் கிடைக்காது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்த மகன் திருப்பூரில் தன் வயிற்றுக்கே போராடிக்கொண்டிருப்பான். அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் வழங்கும்போது உனக்கு மகன் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லையே!

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை வகித்த டாக்டர் அம்பேத்கர் காலத்தில்தான், அதார்க்கர் குழு அறிக்கையின் வழியாகத் தொழிலாளர் காப்பீட்டுக்கு அடித்தளம் இடப்பட்டது. அவர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையை அரசு உறுதிசெய்ய முயல வேண்டும் என்கிறது. அது வழிகாட்டும் நெறி. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற இயலாது. சங்கம் வைத்து, வாக்குச் சீட்டைக் கொண்டு, கேட்டுத்தான் பெற வேண்டும். அரசு ஊழியர் சங்கங்களுக்கு அந்த வலிமை இருக்கிறது. அவற்றில் உறுப்பினராக உள்ள நம்மவர், பாதிச் சம்பளம் கேட்கும் தீர்மானத்தின் பக்கத்திலேயே ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் ஓய்வூதியத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். இதை நான் என் சங்கத்தின் வட்டக் கூட்டத்தில் சொன்னபோது, அது நம் வரம்பில் இல்லை என்றார்கள். வரம்பை வகுத்தவர் யார் என்று கேட்டேன். விடை இன்னும் வரவில்லை.

இளைஞர்கள் நாளையே செய்யத்தக்க சில வேலைகள் உள்ளன. ஒப்பந்த வேலையில் உள்ள உங்கள் தாய் தந்தையரிடம் பி.எஃப். கணக்கு எண்ணைக் கேளுங்கள். எண்ணே தெரியாது என்பார்கள். கூலியில் பிடித்தம் செய்தார்களா, செய்ததைக் கட்டினார்களா என்று கைப்பேசியில் பார்த்துவிடலாம். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமே பொறுப்பு. அந்த வைப்பு நிதியின் ஓய்வூதியத்திற்குப் பத்து ஆண்டுப் பணி தேவை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்குத் திறந்து, பழையதில் உள்ள பணத்தை எடுத்துவிடுவதால், இருபது ஆண்டு உழைத்தவருக்கும் பத்து ஆண்டு சேராமல் போகிறது. கணக்கை மாற்றி இணைக்கச் சொல்லுங்கள்; பணத்தை எடுக்க விடாதீர்கள். அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தோர் தம் பணிப்பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை பார்த்து, வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதியோர் உதவித்தொகை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

இதற்காகச் சங்கக் கட்டிடத்தின் முன்னறையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஒரு மேசை போடலாம் என்று செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். கணினி தெரிந்த கல்லூரி மாணவர் நால்வர் போதும். முதல் ஞாயிறு நானும் வருகிறேன். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு பெரியோர்களை அழைத்து வாருங்கள். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடையருகே என்னைக் காணலாம்.